என் எழுத்துக்கு ஒரு வால் உண்டு

நான் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். அந்த நாலாவதை வைத்துக்கொண்டு கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு மெஸ், ஒரகடத்தில் இரண்டு. கம்பெனிக்கு வேலைக்கு வரும் பெண்கள் தங்க மூன்று மாடி விடுதி. ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்க நான்கு வேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் கைவிட்ட மண்ணில் குடிக்கிற தண்ணீர். அந்தக் கிணற்றுக் கதையை இதே பத்திரிகையில் போன வாரம் படித்திருப்பீர்கள். வங்கியில் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பினார்களே, அது அதற்கு முந்தின வாரம்.

இவை எல்லாம் தெரிந்து கட்டியவை. தெரியாமல் கட்டிய ஒன்றும் இருக்கிறது. அது செங்கல் கேட்கவில்லை, கம்பி கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு என்று பெயராம். பிளக்ஸ் கடையில் ஃபாண்ட் என்கிறார்கள். அதில் அகரம் முதல் னகரம் வரை அத்தனையும் என் கை.

இது எனக்கே தெரியவந்தது ஒரு ஆடிக் கிருத்திகை அன்று, நாலு அண்டா சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது.

நிறைந்த அண்டா

என் மனைவி தனம்மாள் முழங்கால் மடங்காமல் போய் ஒரு வருஷம் படுத்திருந்தாள். எழுந்து நடந்தால் வல்லக்கோட்டை முருகனுக்குக் கிருத்திகை அன்று நாலு அண்டா சோறு போடுவதாக வேண்டிக்கொண்டாள். அதோடு விட்டாளா? பொழுது சாய்வதற்குள் நாலு அண்டாவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். என் மெஸ்ஸில் ஒரு நாளும் சோறு மிஞ்சியதில்லை. அந்தத் தைரியம் அவளுக்கு.

கோயிலுக்குப் போகிற சாலையில் பந்தல் போட்டோம். சாம்பார் சாதம், புளிசாதம், தயிர் சாதம், கேசரி. பெரிய பிளக்ஸ் ஒன்று அடித்துக் கட்டும்படி ஒரகடம் கூட்டுரோட்டில் கடை வைத்திருக்கும் பாஸ்கரிடம் போனில் சொல்லியிருந்தேன். நாங்கள் அண்டாக்களோடு பின்பக்க வழியாக வந்து இறங்கினோம். பிளக்ஸ் முன்பக்கம், சாலையைப் பார்த்து இருந்தது. நான் அதன் முதுகைத்தான் பார்த்தேன்.

வெளியூரிலிருந்து வந்த பக்தர்கள் சாப்பிட்டார்கள். ஒரு அண்டா பாதி இறங்கியது. மற்றதெல்லாம் நான் கம்பெனி ஆட்களை நம்பிச் செய்தது. முதல் ஷிப்ட் விட்டதும் வேன் வேனாகக் கோயிலுக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

வந்தார்கள். பந்தலுக்கு எதிரே வேன் நின்றது. இறங்கினார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், மறுபடி ஏறிக்கொண்டார்கள். அடுத்த வேனும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

"இன்னாயா இது" என்றாள் தனம்மாள். "இறங்குறாங்க, மேல பாக்குறாங்க, போய்க்கினே கீறாங்க. நம்ம சோத்துல இன்னா கொறையக் கண்டாங்க?"

"கூட்டமா இருக்கும்னு போறாங்க போல."

"எங்க கீது கூட்டம்? நீயும் நானும் நாலு அண்டாவும்தான் கூட்டம்."

வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்தாள்.

அப்போது ஏழுமலை வந்தான். கார் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வருஷக்கணக்காக என் மெஸ்ஸில் சாப்பிடுகிறவன். சாப்பிட வரவில்லை, கும்பிடு போட்டுவிட்டுப் போக வந்தான்.

"இன்னா நாய்னா, நாலு மணிக்கே எல்லாத்துக்கும் வால் இழுத்துட்ட. எங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கலாம்ல?"

"வாலா? நான் எங்கடா இழுத்தேன்?"

"மேல பெருசா போட்டுகினு என்னைக் கேக்குற. சாம்பாருக்கு வால், புளிக்கு வால், தயிருக்கு வால். கேசரிக்குக்கூட இழுத்துட்டியே, அதான் மனசு கஷ்டமாப் போச்சு."

வால் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு என் எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அண்டா அங்கேயே இருக்கட்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையில் கற்ற எழுத்து

பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்து ஒட்டவில்லை. வாலாஜாபாத் அரிசி மில் ஒன்றில் மூட்டை தூக்கப் போனேன். மூட்டைமேல் ஊர்ப்பேர் எழுதுகிற ஆள் ஒரு நாள் வரவில்லை. பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான்.

நிறைந்த மூட்டைக்கு வயிறு உண்டு. அதன்மேல் நேராக எழுதவே முடியாது. பிரஷ் மேட்டில் ஏறி இறங்கும். அதனால் என் எழுத்துக்கும் வயிறு வந்துவிட்டது. என் 'க' சாப்பிட்டு முடித்தவனைப் போல இருக்கும். 'ண' மூன்று இட்லியை வரிசையாக வைத்தது போல. 'ர' ஒரு காலை நீட்டி யாரையோ உதைக்கப் பார்க்கும். 'ழ' மட்டும் சேவல். அதன் கடைசிச் சுழியை நான் போடுவதற்கு ஒரு தனி மூச்சு எடுப்பேன்.

பிறகு மெஸ் வைத்தேன். பரிமாறுகிற மேடைக்கு மேலே கரும்பலகை. அண்டாக்களுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டி எழுத வேண்டும். நான் உயரம் இல்லை. கை நீள நீள எழுத்து மேலே ஏறும். ஒவ்வொரு வார்த்தையும் படிக்கட்டு ஏறுவது போல வலப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் ஸ்டைல் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டேன், சின்ன வட்டம் சுழிப்பேன். சோற்று ஆவி அடித்தால் சாக்பீஸ் புள்ளி கரைந்துவிடும். வட்டம் நிற்கும். படித்தவர்கள் புள்ளி வைக்கட்டும். அவர்கள் ஆவிக்குப் பக்கத்தில் எழுதுவதில்லை.

வால்

மெஸ் என்றால் ஒவ்வொன்றாகத் தீரும். முதலில் பொரியல், பிறகு குழம்பு. தீர்ந்ததை அழித்துவிடுவதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். சண்டை வந்தது. "அவனுக்கு வத்தக்குழம்பு ஊத்தின, போர்டுல பேரே இல்லையே, உள்ள ஒளிச்சு வச்சிகினு ஆள் பாத்து ஊத்துறியா" என்று கேட்டார்கள். அழித்த போர்டைப் பார்த்தால் நாம் சமைக்கவே இல்லை போலவும் இருந்தது. நாலு மணிக்கு எழுந்து சமைத்ததை ஒரு துணியால் துடைத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

அதனால் வால். ஒரு ஐட்டம் தீர்ந்ததும் அந்த வார்த்தையின் கடைசி எழுத்தின் காலைப் பிடித்து, அப்படியே வார்த்தையின் வயிற்றுக்குள்ளே பின்னோக்கி இழுத்து, முதல் எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் ஒரு சுருட்டுச் சுருட்டி விடுவேன். பேர் தெரியும். இருந்தது, இப்போது இல்லை என்றும் தெரியும். யாரும் கேட்க வேண்டாம், யாரும் சொல்ல வேண்டாம்.

பத்து நிமிஷம் பிரேக்கில் ஓடி வருகிறவர்கள் சாலையிலிருந்தே பார்த்துவிடுவார்கள். விடுதிப் பெண்கள் போர்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். "கொழம்புக்கு வால் வந்துடுச்சா?" என்று கம்பெனி லைனில் வேலையில் நிற்கிறவள் கேட்பாள். போகப்போக அது கம்பெனிப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஓவர்டைம் இல்லை என்றால் "ஓட்டிக்கு வால்". லீவு தீர்ந்துவிட்டால் "லீவுக்கு வால்". சூப்பர்வைசர்கள்கூடச் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு மனுஷன் சாக்பீஸால் இழுத்த கோடு இத்தனை கம்பெனிக்குள் கேட் பாஸ் இல்லாமல் போனது என்றால் அது சின்ன விஷயமா?

ஊரே பார்த்து எழுதியது

கொஞ்ச காலமாக என் எழுத்து வெளியில் தென்பட ஆரம்பித்தது. முதலில் ஒரு வேனின் பின் கண்ணாடியில், ஒரு குழந்தையின் பேர். பிறகு வாலாஜாபாத் பேக்கரி ஒன்றில் கேக் பெட்டி மேல். வளைகாப்புப் பத்திரிகையில், அழகு நிலையத்தின் கதவில். ஒரு விடுதிச் சுவரில் 'செருப்பை வெளியே விடவும்' என்று. அந்த 'ரு' உதைக்கிற மாதிரியே இருந்ததால் எல்லோரும் வெளியேதான் விட்டார்கள்.

ஒரு கம்பெனியில் கையுறை போடச் சொல்லி மாட்டியிருந்த போர்டை யாரும் படிக்கவில்லையாம். என் எழுத்து மாதிரி ஒன்றில் அதையே மாற்றி மாட்டினார்கள். பையன்கள் நின்று படித்துச் சிரித்துவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டார்களாம். அந்த எழுத்துக்கு அப்படி ஒரு குணம். அதட்டாது, ஆனால் கூப்பிடும். எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதையும் நானே சொல்கிறேன். சாவுப் போஸ்டரில் போட்டால் செத்தவர் சிரிக்கிற மாதிரி இருக்கும். கோர்ட்டு நோட்டீசில் போட்டால் வாய்தாவுக்கு எவனும் வர மாட்டான்.

இதையெல்லாம் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் போர்டைப் பார்த்துப் பார்த்து ஊரே என்னைப் போல எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். தனம்மாளிடம் தினம் சொல்வேன். "ஆமா, பள்ளிக்கூடத்துல உன்னத்தான் பாடமா வச்சிருக்காங்க" என்பாள்.

பிளக்ஸுக்கு அடியில்

இப்போது வல்லக்கோட்டைக்கு வாருங்கள். ஏழுமலையை இழுத்துக்கொண்டு பந்தலின் முன்பக்கம் போனேன்.

அண்ணாந்து பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. பத்தடி உயரத்தில் என் 'க', என் 'ழ', என் வட்டப்புள்ளி. என் கை அத்தனை பெரிதாக எழுதியதே இல்லை. அதற்குப் பிறகுதான் கண் வாலில் விழுந்தது. நாலு ஐட்டத்தின் வயிற்றிலும் சிவப்பு வால், முன்னால் போய்ச் சுருண்டு. அன்னதானம் என்ற வார்த்தைக்கும் இழுத்திருந்தது.

பாஸ்கருக்குப் போன் போட்டேன். "யாருடா எழுதினது?"

"யாரும் எழுதல நாய்னா. ஃபாண்டு. குறும்புன்னு பேரு. கம்ப்யூட்டர்ல டைப் பண்ணா அப்படியே வரும். இப்போ எல்லாக் கடையிலயும் அதான் ஓடிகினு கீது."

"அந்த வாலு?"

"அதுலயே கீது. தட்டினா வரும். கலரா அழகா இருந்துச்சேன்னு எல்லாத்துக்கும் போட்டேன். சாமி காரியம்ல."

பாஸ்கர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வருகிறவன். என் மெஸ் வாசல் மிதித்ததில்லை. அவனுக்கு வால் அலங்காரம். சாப்பிட்டவனுக்குத்தான் அது சேதி. அதற்கு முந்தின மாசம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பேருக்கு வால் இழுத்த பிளக்ஸைப் பார்த்துக் கம்பெனிப் பையன்கள் எதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"யாரு பண்ணதுடா அந்தக் குறும்ப?"

"பேரு போட்டுகீது நாய்னா. செல்வராணின்னு."

செல்வராணியை எனக்குத் தெரியும். ஆனால் தனம்மாள் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்க" என்றாள். "சூரியன் எங்க கீதுன்னு பாரு. மூணரை அண்டா கீது."

அட்டைப்பெட்டி

பிளக்ஸை இறக்கச் சொன்னேன். எண்ணெய் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்தேன். அடுப்புக்கரி இருந்தது. சாலை ஓரத்தில் குந்தி எழுதினேன். சாம்பார் சாதம். புளிசாதம். தயிர் சாதம். கேசரி. வால் இல்லை. அவசரத்தில் வட்டப்புள்ளி எல்லாம் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

எழுதி முடித்ததும் தனம்மாள் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் சரி. என் எழுத்து, என் எழுத்துன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியிறியே. இத்தினி வருசமா ஆக்கிப் போட்டவ பேர எந்தப் போர்டுலயாவது எழுதிக்கீறியா?"

எழுதியதில்லை. மெஸ்ஸுக்குக் கன்னியப்பன் மெஸ் என்று என் பேரைத்தான் வைத்தேன். கரியை எடுத்து அட்டையின் அடியில் எழுதினேன். சமைத்தது தனம்மாள். எழுதியது கன்னியப்பன். தனம்மாள் என்பதில் கடைசி 'ள்' நன்றாக வந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்டாப் பக்கம் போய்விட்டாள்.

ஏழுமலை அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்குப் போய்விட்டான். "வால் இல்ல, வால் இல்ல, எறங்கு" என்று கத்தினான். ஒரு வேன் நின்றது. ஒரு பெண் ஜன்னலிலிருந்து போட்டோ எடுத்தாள். அந்தப் படம் எந்தெந்தப் போனுக்குப் போனதோ, அடுத்த அரை மணியில் கோயிலுக்குப் போய்விட்ட வேன்கள்கூடத் திரும்பி வந்தன.

"தாத்தா, நெஜமாவே கீதா?" என்று கேட்டுக்கொண்டே தட்டை நீட்டினார்கள்.

கேசரி முதலில் தீர்ந்தது. அட்டையைக் கேட்டு வாங்கி, கேசரிக்கு நான் என் கையால் வால் இழுத்தேன். பிறகு புளிசாதம். பிறகு சாம்பார். தயிர் சாதத்துக்கு இழுத்தபோது மரத்து உச்சியில் இன்னும் கொஞ்சம் வெயில் ஒட்டியிருந்தது. தனம்மாள் நாலு அண்டாவையும் கழுவிக் கவிழ்த்து வைத்து, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அன்று இழுத்த நாலு வாலுக்கு ஈடாக நான் வேறொன்று எழுதியதில்லை.

போர்டு தானாக எழுதுமா

செல்வராணி கோவில்பட்டிப் பக்கம். போன் கம்பெனி லைனில் மூன்று வருஷம் இருந்தாள், மூன்று வருஷமும் என் மெஸ் சாப்பாடு. தினம் போர்டைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டவர்களில் அவள் முக்கியம். பிறகு கம்ப்யூட்டர் படித்து, இப்போது சென்னையில் ஒரு டிசைன் ஆபீசில் இருக்கிறாள். மறுநாள் அவளைப் போனில் பிடித்தேன்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? அக்காவுக்கு முட்டு சரியாச்சா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீது. என் கையெழுத்த எதுக்கு எடுத்த?"

"உங்ககிட்ட கேட்டேன்லா அண்ணாச்சி. கடைசி நாள் சாப்பிட வந்தன்னைக்கு, உங்க எழுத்த எடுத்துக்கிடட்டுமான்னு கேட்டேன். எதையாச்சும் எடுத்துக்க, வரிசைய நிறுத்தாதன்னு நீங்கதான சொன்னிய."

மத்தியான வரிசையில் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மறுக்கவில்லை.

"சரி, வால எதுக்கு வச்ச?"

"நம்ம மெஸ்ஸுல சாப்ட்ட பிள்ளைகளுக்கு மட்டும் வெளங்கட்டுமேன்னு ஒரு ஆசைதான். கடைக்காரவுக அழகுக்கு இழுத்துப்புடுவாவன்னு யாரு கண்டா?"

அவளிடம் மூவாயிரம் போட்டோ இருந்ததாம். ஒவ்வொரு எழுத்துக்கும் எது நன்றாக வந்திருக்கிறது என்று பொறுக்கி எடுத்தாளாம். எனக்கு 'ழ' நன்றாக வருகிற நாள் வத்தக்குழம்பு நாள்தான் என்றாள். அதை நானே கவனித்ததில்லை. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். எழுத்து என்னுடையது, கோர்த்தது அவள். அவள் பேர் அதில் இருப்பது நியாயம்.

"என் பேரு எங்க?"

"உள்ள குறிப்புல போட்டிருக்கேன் அண்ணாச்சி. சுங்குவார்சத்திரத்தில் ஒரு மெஸ் போர்டிலிருந்து எடுக்கப்பட்டதுன்னு."

"மெஸ் போர்டு தானா எழுதிக்குச்சா?"

செல்வராணி சொன்னாள். "எழுத்துருவோட பேர இனிமே மாத்த முடியாது அண்ணாச்சி. மாத்துனா எல்லாக் கடையிலயும் பழைய வேல கெட்டுப்போயிரும். குறிப்புல சேக்கலாமான்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுதேன்." அது ஆயிற்று, அடுத்த ஆடியும் வந்து போயிற்று. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதனால் இங்கே, இத்தனை பேர் படிக்கிற பத்திரிகையில் கேட்கிறேன். பேரை மாற்ற வேண்டாம், குறும்பு என்றே இருக்கட்டும், பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பில் போர்டு இருக்கிற இடத்தில் ஆளைப் போடு, செல்வராணி. எழுதியது கன்னியப்பன் என்று ஒரு வரி. அதற்குக் கீழே வால் என்றால் தீர்ந்தது என்று இன்னொரு வரி, இன்னொருத்தன் அன்னதானம் கெடாமல் இருக்க. தனம்மாளுக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு யார் எழுதுவது?

கேக் பெட்டியிலும் வேன் கண்ணாடியிலும் கல்யாண பிளக்ஸிலும் நித்தம் என் கையைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களே, யார் எழுத்து என்று கேட்டால் இனி என் பேரைச் சொல்லுங்கள். செல்வராணி, நீ என் எழுத்திலேயே என் பேரைப் போட்டாலும் சந்தோஷம்தான். ஒன்று மட்டும். அதற்கு வால் இழுத்துவிடாதே. அண்டாவில் இன்னும் சோறு இருக்கிறது.